பல் முளைக்காத பிள்ளையோடு டர்பனிலிருந்து ஊருக்கு

டிசம்பர் லீவில் ஊருக்குப் போகும்போது பிள்ளைக்குப் பல்லும் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நம்மில் பலர் கணக்குப் போடுகிறோம். பெரியவர்களுக்குச் சரி. பிறவியிலேயே பல பற்கள் இல்லாத பிள்ளைக்கு இது ஒரு லீவில் முடியாது. தாடை வளர வளர பல்செட் பொருந்தாமல் போகும். உள்பக்கம் திருத்த வேண்டும், அப்புறம் புதிதாகவே செய்ய வேண்டும். அதனால் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் டர்பனிலேயே இருக்கட்டும். ஊரில் என்ன செய்யலாம் என்பதை அவரிடம் பேசிவிட்டே டிக்கெட் போடுங்கள்.

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தைப் பல் மருத்துவம், செயற்கைப்பல் இரண்டு துறையும் ஒரே இடத்தில் இருப்பதுதான் இப்படிப்பட்ட கல்லூரிகளின் வசதி. அளவெடுப்பது, கடி பார்ப்பது, மெழுகில் வைத்துப் பார்ப்பது என்று பல முறை போக வேண்டியிருக்கும். மாட்டிய பிறகு ஈறு புண்ணாகும், அதைத் தேய்த்துச் சரிசெய்யவும் நாள் வேண்டும். முதல் வாரமே தொடங்குங்கள். குலதெய்வக் கோயிலும் தி.நகரும் நடுவில் வரட்டும்.

இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்வேர், வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அது எலும்போடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்துப் பற்கள் தாடையோடு நகர்ந்து வளரும், இது வைத்த இடத்திலேயே நிற்கும். சில வருடங்களில் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடியும்வரை, பெரும்பாலும் 18 வயதுக்கு மேல்வரை, பொறுப்பதுதான் வழக்கம். கீழ்த்தாடையில் பல்லே இல்லாத சில பிள்ளைகளுக்கு முன்பக்கம் மட்டும் முன்னதாக வைப்பதுண்டு. அதையும் பல துறை மருத்துவர்கள் சேர்ந்து முடிவு செய்யட்டும், நம் ரிட்டர்ன் டிக்கெட் தேதி முடிவு செய்ய வேண்டாம். அதேபோல, அடியில் நிலைப்பல் இல்லாத பால் பல்லைச் சும்மா பிடுங்க விடாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் பல வருடம் உழைக்கும்.

பல் இல்லாததற்கு எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்ற பிறவிக் குறைபாடு காரணமாக இருக்கலாம். பல், முடி, வியர்வைச் சுரப்பி போன்றவை சரியாக உருவாகாத நிலை அது. இது உள்ள பல பிள்ளைகளுக்கு வியர்வை சரியாக வராது, உடம்பு சட்டென்று சூடாகும். அப்படிப்பட்ட பிள்ளையை மே மாத வெயிலில் கூட்டிப் போகவே வேண்டாம்.

கல்யாணப் பந்தியில் பல்செட்டைக் கழற்றினால் டப்பாவில் போடச் சொல்லுங்கள். இலை ஓரத்தில் வைத்தால் இலையோடு போய்விடும். சொந்தக்காரர்கள் கேள்வி கேட்பார்கள். பிள்ளைக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள்.

தாய் தகப்பனில் ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவருடைய சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது ஓபிஜி எக்ஸ்ரே (இரண்டு தாடையும் பல்லும் ஒரே படத்தில் தெரிவது), சிகிச்சைக் குறிப்பு, பல் நிறத்தின் எண் எல்லாம் கேட்டு வாங்குங்கள். அடுத்த செட்டை டர்பனில் செய்பவருக்கு அவை தேவைப்படும்.