குறும்படத்துக்கு ஃப்ரீசவுண்ட்ல சத்தம் எடுக்குறது எப்படி, நான் மாட்டுன இடத்தோட சேத்து

போன மாசம் 11 நிமிஷ குறும்படம் ஒண்ணு முடிச்சேன், சவுண்டுக்குன்னு தனியா ஆள் வைக்க காசு இல்ல. வசனம் மட்டும் காலர் மைக்ல எடுத்தது, எடிட்ல போட்டுப் பாத்தா வசனத்துக்கு நடுவுல காது அடைச்ச மாதிரி அமைதி. மழை சீன்ல மழையே கேக்கல, நாங்க ஓஸ்ல பீச்சுன தண்ணி தான் சளசளன்னு கேக்குது. அப்ப காப்பாத்துனது ஃப்ரீசவுண்ட்ங்குற வெப்சைட். பார்சிலோனால பாம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்துக்காரங்க 2005ல ஆரம்பிச்சது, அவங்கவங்க ஊர்ல ரெக்கார்ட் பண்ணத ஏத்துவாங்க, வேணுங்கறவங்க எடுத்துக்கலாம். முழுப் பாட்டெல்லாம் கிடைக்காது, சத்தம் மட்டும் தான்.

அக்கவுண்ட் ஓபன் பண்றதெல்லாம் சொல்லித் தரணுமா என்ன, பண்ணிக்கோங்க. சும்மா கேக்கறதுக்கு லாகின் வேணாம், டவுன்லோடுக்கு வேணும்.

முதல்ல தேடுறது. பெரும்பாலும் இங்கிலீஷ்ல தான் பேர் வச்சிருப்பாங்க. 'ரெயின்'னு மட்டும் அடிச்சா கொட்டும், நாள் பூரா கேட்டுட்டே உக்காந்திருக்கலாம். மழை எது மேல விழுதுன்னு யோசிச்சு தேடுங்க. எனக்கு வேண்டியது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கிடைச்சது தகரக் கூரை. தகரம் கணீர்னு கேக்கும், ஆஸ்பெஸ்டாஸ் கொஞ்சம் மந்தமா சடசடன்னு இருக்கும். அதனால தகரத்தையே எடுத்து ஈக்வலைசர்ல மேல இருக்குற ட்ரெபிளை கொறச்சேன், யாருக்கும் வித்தியாசம் தெரியல. ஆம்பியன்ஸ்க்கு, அதாவது சீன் பூரா பின்னாடி ஓடுற சூழல் சத்தத்துக்கு எடுக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு மேல ஓடுறதா பாருங்க, பத்து செகண்ட் துண்டை திரும்பத் திரும்ப ஓட்டுனா அதே காக்கா அதே இடத்துல கத்தி மானத்தை வாங்கும்.

அடுத்து லைசென்ஸ், தேடும்போதே பில்டர் போட்டுடுங்க. சிசி ஜீரோன்னா (கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ, CC0) பேர் போடக்கூட கட்டாயம் இல்ல. அட்ரிபியூஷன்னா கிரெடிட் கண்டிப்பா குடுக்கணும். 'நான்-கமர்ஷியல்'னு (காசு பாக்குற வேலைக்கு கூடாதுன்னு அர்த்தம்) இருந்தா விளம்பரம் ஓடுற சேனலுக்கு அதைத் தொடவே தொடாதீங்க, 'சின்ன சேனல் தானே'ங்குற பேச்செல்லாம் வேணாம்.

இப்ப நான் மாட்டுன இடம். டவுன்லோட் ஆகுற ஃபைல் பேர் அசிங்கமா நீளமா இருக்கும்: ஒரு நம்பர், ரெண்டு அண்டர்ஸ்கோர், ஏத்துனவரோட பேர், மறுபடி ரெண்டு அண்டர்ஸ்கோர், அப்புறம் தான் சத்தத்தோட பேர். நமக்கு தான் எல்லாம் நீட்டா இருக்கணுமே, மழை1, மழை2, கதவு_புதுசுன்னு உக்காந்து மாத்துனேன். கடைசில ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்பப் போனா சவுண்ட் கிரெடிட் லிஸ்ட் கேக்குறாங்க. எந்த மழை யாரோடதுன்னு எனக்கே தெரியல! நாம இதுவரைக்கும் டவுன்லோட் பண்ணதுக்கெல்லாம் கிரெடிட் லிஸ்ட் அக்கவுண்ட்லயே இருக்குன்னு அப்புறம் தான் கண்டுபிடிச்சேன், ஆனா நான் டவுன்லோட் பண்ணது நூத்துக்கு மேல, படத்துல இருக்குறது 23. ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டு ஜோடி சேக்க ரெண்டு ராத்திரி ஆச்சு. அதனால பேரை மாத்தாதீங்க, மாத்தியே ஆகணும்னா முன்னாடி மட்டும் ஒட்டுங்க, அந்த நம்பரை விட்டுடாதீங்க. கிரெடிட்ல சத்தத்தோட பேர், ஏத்துனவர் பேர், லிங்க், லைசென்ஸ் நாலும் வரணும். லைசென்ஸ்ல 3.0, 4.0ன்னு வெர்ஷன் நம்பர் இருக்கும், அந்தப் பக்கத்துல என்ன இருக்கோ அதையே எழுதுங்க.

சத்தத்தை வெட்ட ஒட்ட எனக்கு ஆடாசிட்டி போதும், இலவசம், பழைய லேப்டாப்லயும் ஓடும். போன் ஆப்ல பண்றேன்னு வராதீங்க, விரல்ல தேச்சு தேச்சு ஒரு கதவு சத்தத்தை படத்தோட சேக்குறதுக்குள்ள கதவே வெறுத்துப் போகும். வீடியோவுக்குன்னா எக்ஸ்போர்ட்ல சாம்பிள் ரேட்டை 48,000 ஹெர்ட்ஸ் வைங்க.

எடுத்துட்டே இருக்காம ஏதாவது ஏத்துங்க. நான் எங்க வீட்டு குக்கர் விசில் ஏத்துனேன். ரெக்கார்ட் பண்ணும்போது விசிலுக்கு முன்னாடி அரை நிமிஷம் சும்மா விடுங்க, அப்புறமா ஆடாசிட்டில இரைச்சலை நீக்க அந்த வெத்து சத்தம் தான் சாம்பிள். ஏத்தும்போது குறைஞ்சது 3 டேக் (tag, தேடுறவங்களுக்கு சிக்குறதுக்கான குறிச்சொல்) குடுக்கணும், சைட்டோட மாடரேட்டர் கேட்டுட்டு தான் விடுவாங்க, உடனே வரலன்னு மறுபடி மறுபடி ஏத்தாதீங்க. மேப்ல இடம் குறிக்கலாம், ஆனா வீட்டு வாசல்லயே புள்ளி வைக்காதீங்க.

அப்டேட்: சிசி ஜீரோ சத்தம் போட்டும் வீடியோவுக்கு காப்பிரைட் க்ளெய்ம் வந்துச்சுன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. அதே சத்தத்தை வேற யாரோ அவங்க ட்ராக்ல போட்டு ரெஜிஸ்டர் பண்ணியிருக்கலாம், வீடியோவை தானா சோதிக்கிற மெஷினுக்கு எது மூலம்னு தெரியாது. டவுன்லோட் பண்ற அன்னைக்கே லைசென்ஸ் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, க்ளெய்ம் தப்புன்னு டிஸ்ப்யூட் போடும்போது லிங்க்கோட அதையும் குடுங்க.

இன்னொண்ணு, என் குக்கர் ஃபைல்ல மூணாவது விசிலுக்கு அப்புறம் 'டேய் அடுப்ப அணைடா'ன்னு அம்மா கத்துறது இருக்கு, வெட்ட மறந்துட்டேன். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் அது என்ன மொழி, என்ன சொல்றாங்கன்னு கேட்டிருந்தாரு, அர்த்தம் எழுதி அனுப்புனேன். அவருக்கு அந்த இடம் தான் வேணுமாம்.