ராத்திரியில் இறங்கும் கார் பேட்டரி: புதுசு வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஐப்பசி மழையில் எங்கள் கார் அடுத்தடுத்து மூன்று காலை செல்ஃப் எடுக்கவில்லை. கடையில் "பேட்டரி போச்சு" என்றார்கள். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி புதிதாகப் போட்டேன். நான்கு நாள் ஊருக்குப் போய் வந்தால் அதுவும் இறங்கிக் கிடந்தது. பிறகுதான் வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன்.

வண்டி ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. ஓட்டி நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 12.6 இருந்தால் முழு சார்ஜ். அன்று ராத்திரி நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். அப்படியும் காலையில் நன்றாக இறங்கியிருந்தால் கோளாறு பேட்டரிக்குள்ளேயே. இறங்காவிட்டால் வண்டியில் ஏதோ கரண்ட் குடிக்கிறது.

அதைப் பிடிக்க, சாவியை வெளியே வைத்து, டிரைவர் கதவைத் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்குங்கள். கதவு சாத்தியதாக வண்டி நினைத்துக்கொள்ளும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய வயருக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். முதலில் அளவு அதிகமாகத்தான் காட்டும். அரை மணி நேரம் பொறுங்கள், வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்க வேண்டும். அதன் பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை.

எனக்கு 0.42-லேயே நின்றது. பத்து மணி நேர ராத்திரிக்கு 4 ஆம்பியர்-ஹவர். நல்ல பேட்டரி தாங்கிவிடும், நலிந்த பழசு தாங்காது. நான்கு நாளுக்கோ 40! என் புது பேட்டரியில் அவ்வளவு இருப்பே கிடையாது.

ஃபியூஸ் பெட்டியை போனில் படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிடுங்கியதை உடனே திருப்பிச் செருகாதீர்கள், தூங்கியது விழித்துக்கொள்ளும். பிற்பாடு போட்ட மியூசிக் சிஸ்டத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் ரூம் லைட் ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03-க்கு இறங்கியது. அதே ஃபியூஸில்தான் டிக்கி விளக்கும். ஃபியூஸை மறுபடி போட்டு, போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். மூடிய பிறகும் 5 வாட் பல்பு எரிந்துகொண்டே இருந்தது! மழைநீர் இறங்கி ஸ்விட்ச் துருப்பிடித்து, மூடினாலும் அமுங்காமல் கிடந்தது. ஸ்விட்சை மாற்றினேன், சரியாகிவிட்டது.

எல்லா ஃபியூஸையும் எடுத்தும் அளவு குறையவில்லையா? ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம், ஜிபிஎஸ் என்று நேரடியாக பேட்டரியிலிருந்து இழுத்த வயர்களைப் பாருங்கள். அவையும் இல்லையென்றால், வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். பேட்டரியை முழுக்கத் துண்டித்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றி, மீட்டரை மறுபடி இணையுங்கள். இப்போது அளவு இறங்கினால் ஆல்டர்னேட்டருக்குள் டயோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் பாகம்) கசிகிறது.