உத்யம் பதிவு இலவசம்: பணம் பறிக்கும் தளத்தில் சிக்காமல் முடிப்பது எப்படி?

பண்ருட்டிக்குப் பக்கத்தில் என் அக்கா வீட்டிலேயே முந்திரிப் பருப்பை வறுத்துப் பொட்டலம் போட்டு விற்கிறார். கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது உத்யம் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலையே கைப்பேசியில் தேடி, முதலில் வந்த தளத்தைத் திறந்து, படிவத்தை நிரப்பி, 1,999 ரூபாயும் கட்டிவிட்டு, ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அமைச்சகம் 2020 ஜூலை 1 முதல் நடத்திவரும் இந்தப் பதிவுக்கு ஒரு பைசாகூடக் கட்டணம் கிடையாது என்பதை நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. அசோகச் சக்கரம், மூவர்ணப் பட்டை, வரிசை எண் இட்ட கட்டங்கள் என்று அந்தத் தளத்தில் அரசுத் தளத்திற்குரிய எல்லாம் இருந்தன. பக்கத்தின் அடியில், வெளிர்ச் சாம்பல் நிறத்தில், “இது தனியார் ஆலோசனை நிறுவனம், அரசுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை” என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கே பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அக்காவின் சிக்கலைத் தீர்த்த பிறகு, அடுத்தவர் அதே பள்ளத்தில் விழ வேண்டாமே என்று இதை எழுதுகிறேன். ஆதார் எண்ணோடு உங்கள் கைப்பேசி எண் இணைந்திருக்கிறது, கையில் பான் அட்டையும் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: தேடாதீர்கள்

தேடுபொறியில் “உத்யம் பதிவு” என்று இட்டால் மேலே வருபவற்றில் பல, காசு கொடுத்துப் போடப்பட்ட விளம்பரங்கள். “ஸ்பான்சர்டு” என்ற சிறு சொல் அருகில் இருக்கும். அவசரத்தில் அது கண்ணில் படாது. ஆகவே முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: உத்யம்ரெஜிஸ்ட்ரேஷன்.கவ்.இன். முதல் இரண்டு சொற்களும் இடைவெளியும் சிறுகோடும் இல்லாமல் சேர்ந்தே வரும். ‘கவ்’ என்பது ஜி, ஓ, வி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் ஐகாட்.கவ்.இன் (ஐ, ஜி, ஓ, டெல்லியின் முதலெழுத்தான டி) என்ற அரசுத் தளங்களின் அடைவுக்குப் போய், அங்கிருந்து அமைச்சகத்தின் தளத்திற்குச் செல்லுங்கள். யூடியூப் காணொளியின் கீழே தரப்படும் இணைப்பை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

இந்த வேலையைக் கைப்பேசியில் செய்வதை நான் விரும்புவதில்லை. முகவரிப் பட்டை குறுகலாக இருப்பதால் முழு முகவரியும் தெரியாது, படிவமும் நீளமானது. மடிக்கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அதில் யூபிளாக் ஆரிஜின் விளம்பரத் தடுப்பானும் இருந்தால் பாதித் தொல்லை அங்கேயே ஒழிந்துவிடும்.

படி 2: முகவரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள்

அக்கா மட்டுமல்ல, ஒருமுறை நானே இதில் ஏமாறப் பார்த்தேன், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். நாம் முகவரியை இடமிருந்து படிக்கிறோம். ‘உத்யம்’, ‘கவ்’, ‘இந்தியா’ என்ற சொற்களைக் கண்டதும் மனம் நிறைவடைந்துவிடுகிறது. முகவரியின் உரிமையாளர் யார் என்பதோ வலது முனையில் இருக்கிறது. ‘ஹெச்டிடிபிஎஸ்’ என்பதற்குப் பின் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். விரலுக்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது ‘.கவ்.இன்’ என்று, நடுவில் புள்ளியோடு முடிந்தால் அது அரசுத் தளம். அந்த முடிவை வழங்கும் உரிமை தேசியத் தகவலியல் மையத்துக்கு மட்டுமே உண்டு. கடையில் வாங்குவதுபோல யாரும் அதை வாங்கிவிட முடியாது. ஆனால் ‘.இன்’, ‘.ஆர்க்’, ‘.காம்’ ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். ‘கவ்’ என்பதற்குப் பின் புள்ளிக்குப் பதிலாகச் சிறுகோடு போட்டு, கடைசியில் ‘.ஆர்க்’ என்று முடித்தால், விரைந்து படிப்பவருக்கு அது அரசுத் தளம்போலவே தெரியும். சாய்கோட்டுக்கு வலப்பக்கம் ‘கவர்ன்மென்ட்-இந்தியா’ என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. உண்மையான உத்யம் தளத்தின் முகவரியிலும் வலப்பக்கம் அப்படியொரு நீண்ட வால் உண்டு என்பதால், வாலைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது.

பூட்டுப் படத்தை நம்பாதீர்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதற்கு அது அடையாளமே தவிர, எதிரில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அல்ல. அந்தப் பூட்டுக்கான சான்று எந்தத் தளத்துக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 3: முதல் கேள்வி என்ன என்று கவனியுங்கள்

உண்மையான தளத்தில் புதிய தொழில்முனைவோருக்கான இணைப்பைச் சொடுக்கியதும் ஆதார் எண்ணையும் ஆதாரில் உள்ளபடி பெயரையும் கேட்பார்கள். உடனே ஓடிபி வரும். அதை இட்டால்தான் மற்ற கட்டங்களே திறக்கும். அக்கா போன தளத்தில் எல்லாக் கட்டங்களும் தொடக்கத்திலேயே திறந்திருந்தன. நிரப்பி முடித்ததும் பணம் கட்டும் பக்கம் வந்தது. ஓடிபி வரவே இல்லை. மறுநாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “மேடம், இப்ப ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க, சர்டிபிகேட் ரெடி” என்று கேட்க, அக்காவும் சொல்லிவிட்டார். நாம் தந்த விவரத்தை அவர்கள் அரசுத் தளத்தில் அப்படியே இட்டு, இலவசச் சான்றிதழை இறக்கி நமக்கு விற்கிறார்கள், தொழிலே அவ்வளவுதான்.

படி 4: படிவம்

இது எளிது, எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. தனிநபர் தொழில் என்றால் உரிமையாளரின் பான் எண், கடையின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு, வேலை செய்வோர் எண்ணிக்கை, முதலீடு ஆகியவை போதும். தொழிலுக்கான ஐந்திலக்க என்ஐசி குறியீட்டைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் நிதானம் தேவை: வறுத்து விற்பது உற்பத்தி, வாங்கி விற்பது வணிகம். முடிவில் இன்னொரு ஓடிபி வரும். பிறகு க்யூஆர் குறியீட்டுடன் சான்றிதழ் கிடைக்கும். பணம் கட்டும் பக்கம் எங்கும் வராது.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால்

போன 1,999 ரூபாயைவிட எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது வேறொன்று. அக்காவுக்கு வந்த சான்றிதழ் உண்மையானதுதான். ஆனால் அதில் பதிவான கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் அந்த ஆட்களுடையவை. நாமே புதிதாகப் பதியலாம் என்று உண்மையான தளத்துக்குப் போனால், ஏற்கெனவே பதிவு இருப்பதாகச் சொல்லி நிறுத்திவிடுகிறது. ஒரு தொழிலுக்கு ஒரு பதிவுதான். இருப்பதைத் திருத்தலாம் என்றால் ஓடிபி அவர்களுக்குப் போகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேட்டு, அமைச்சகத்தின் சாம்பியன்ஸ் தளத்தில் முறையீடு பதிந்து, எண்ணை மாற்றி வாங்குவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. ஆகவே பணம் போனால் போகிறது என்று விட்டுவிடாமல், சான்றிதழில் யாருடைய எண் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

பணத்திற்கு: அட்டையில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே மறுப்புத் தெரிவியுங்கள். மோசடி என்று கருதினால் இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்ணான 1930இல் எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அடியில் பொறுப்புத் துறப்பு எழுதி வைத்திருக்கும் தளமாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகார் தரலாம்.

பின்சேர்க்கை

எல்லா அரசுச் சேவையும் ‘.கவ்.இன்’ என்றுதான் முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, என் விதியில் இருக்கும் ஓட்டை அது. ரயில் பயணச்சீட்டுத் தளமான ஐஆர்சிடிசி ‘.கோ.இன்’ என்று முடிகிறது. பான் விண்ணப்பம் பெறும் யுடிஐஐடிஎஸ்எல் தளத்தின் முகவரி ‘.காம்’. இத்தகைய சேவைகளுக்கு வருமான வரித் தளம் போன்ற அரசுத் தளத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போவதே நல்லது.

புதுச்சேரியிலிருந்து எழுதிய இன்னொருவர், பிரான்சில் இருக்கும் தம் மாமா இந்தியாவுக்கு வர இ-விசா எடுக்கும்போது இதே போன்ற தளம் ஒன்றில் பல மடங்கு பணம் கட்டிவிட்டார் என்றார். அதற்கான அரசுத் தளம் இந்தியன்விசாஆன்லைன்.கவ்.இன், விரலை வைத்துப் படிக்கும் முறை அங்கேயும் அப்படியே பொருந்தும். பாஸ்போர்ட்டுக்கும் அதுவே: பாஸ்போர்ட்இந்தியா.கவ்.இன்.

சென்ற வாரம் அக்காவுக்கு, “உங்கள் உத்யம் சான்றிதழ் காலாவதியாகிறது, புதுப்பிக்க 999 ரூபாய்” என்று ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. உத்யம் பதிவு நிரந்தரமானது. அதற்குக் காலாவதியும் இல்லை, புதுப்பித்தலும் இல்லை. இந்த முறை அவர் இணைப்பைத் தொடவில்லை. செய்தியை எனக்கு அனுப்பி, “தம்பி, இதுல ‘கவ்’வுக்கு அப்புறம் புள்ளி இல்லையே, கோடுதான இருக்கு?” என்று கேட்டிருந்தார்.