தலையில் அடிபட்ட பிறகு மாதவிடாய் தவறினால்

கொழுந்து மலையில் வழுக்கி விழுந்தோ, குளவி துரத்தி ஓடும்போது கல்லில் மோதியோ, த்ரீவீல் பிரண்டோ தலையில் அடிபட்ட பெண்ணுக்கு அடுத்த மாதவிடாய் தள்ளிப்போனால் லயத்தில் "பயந்துட்டா, அதான்" என்று முடித்துவிடுவார்கள். அதிர்ச்சியிலும் தள்ளிப்போகும், சரி. ஆனால் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் கபச்சுரப்பியும் அதற்கு மேலுள்ள ஹைப்போதலமஸும்தான் சூலகத்துக்கு மாதாமாதம் உத்தரவு அனுப்புகின்றன, அடி அங்கேயும் எட்டலாம்.

முதலில் கலண்டரில் அடிபட்ட திகதி, கடைசியாக இரத்தம் வந்த திகதி, எத்தனை நாள் வந்தது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். அப்புறம் பாமசியில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி வாங்கிப் பாருங்கள், அதற்கு முன் எள்ளும் பப்பாளியும் கொடுத்து "இறக்க"ப் பார்க்க வேண்டாம். குடிக்கும் மாத்திரைகளையும் பாருங்கள், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் மனநோய்க்கான சில மருந்துகளும் மாதவிடாயை நிறுத்தக்கூடும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு தடவை தள்ளிப்போனால் பொறுத்துப் பார்க்கலாம். மூன்று மாதம் வரவே இல்லை என்றால் போய்க் காட்ட வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்காதபோதும் மார்பில் பால் கசிவது, தீராத தாகத்தோடு இரவெல்லாம் சிறுநீர் போவது, காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போகக்கூட முடியாத அசதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். மணிக்கு ஒரு பேட் நனைகிற அளவு இரத்தம் போனால் அன்றே ஆஸ்பத்திரி. தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காசில்லை.

தோட்ட டிஸ்பென்சரியில் சத்து மாத்திரையோடு திரும்பிவிடாமல், நுவரெலியா அல்லது பதுளை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். தலைக்காயத்துக்கு வார்ட்டில் இருந்தபோது கொடுத்த டயக்னோசிஸ் கார்டைக் கட்டாயம் கொண்டு போங்கள், ஏனென்றால் தலையைப் பார்த்த டாக்டர் மாதவிடாயைக் கேட்டிருக்க மாட்டார், பெண்நோய் டாக்டருக்குத் தலை அடிபட்டதே தெரியாது, இரண்டையும் சேர்த்துச் சொல்ல உங்களைத் தவிர ஆளில்லை. "இந்தத் திகதியில் விழுந்தேன், அதற்குப் பிறகு இப்படி" என்று சொன்னால் போதும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின், தைரொயிட், சூலகத்தை இயக்கும் எஃப்எஸ்எச், எல்எச் ஆகிய ஹோர்மோன்களை இரத்தத்தில் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைப் பார்க்கக் காலை 8, 9 மணிக்குள் இரத்தம் எடுப்பார்கள், தூரத் தோட்டம் என்றால் முதல் நாளே டவுன் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

ஒன்று கவனம்: இரத்தம் வராத காலத்திலும் கருத்தரிக்கலாம், அடுத்த மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிவரும். இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம் என்றால் மிட்வைஃபிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.