ஆர்மீனிய இனப்படுகொலை: ‘அங்கீகாரம்’ என்று எழுதும்போது சறுக்கும் இடங்கள்

1915-இல் தொடங்கி உதுமானியப் பேரரசில் ஆர்மீனியர்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்டதைத்தான் ஆர்மீனிய இனப்படுகொலை என்கிறோம். அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்வதே ‘அங்கீகாரம்’. “இன்ன நாடு ஆர்மீனிய இனப்படுகொலையை அங்கீகரித்தது” என்று செய்தி வந்தால், அந்த நாட்டில் யார் அங்கீகரித்தது என்று முதலில் பாருங்கள். பாதித் தவறு இதைப் பார்க்காததால்தான் வருகிறது.

சுவீடனையே எடுத்துக்கொள்வோம். 2010 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றம் 131-க்கு 130 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆனால் அன்றைய அரசாங்கத்துக்கு அதில் உடன்பாடே இல்லை. அப்படியிருக்க “சுவீடன் அரசு அங்கீகரித்தது” என்று எப்படி எழுதுவது? ஜெர்மனி நாடாளுமன்றம் 2016 ஜூனில் தீர்மானம் போட்டதும், இனப்படுகொலை என்பதை மறுக்கும் துருக்கி தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. சில மாதங்களில் ஜெர்மன் அரசின் செய்தித் தொடர்பாளர், அந்தத் தீர்மானம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று விளக்கம் சொன்னார்.

பிரான்ஸ் கதை வேறு. 2001-இல் அங்கே சட்டமே வந்துவிட்டது, ஒரே ஒரு வாக்கியத்தில். சரி, மறுத்துப் பேசினால் சிறையா? இல்லை. மறுப்பைக் குற்றமாக்கிய இன்னொரு சட்டத்தை 2012-இல் அரசியல் சாசன மன்றம் செல்லாது என்றது. இந்த இரண்டு சட்டங்களையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் நிறையப் பேர்.

“இனப்படுகொலை என்று முதலில் சொன்ன அமெரிக்க அதிபர் பைடன்” என்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. 1981-லேயே ரீகன் தம் பிரகடனம் ஒன்றில் அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். பின்னால் வந்தவர்கள்தான் தயங்கினார்கள். ஒபாமா ‘பெருங்கேடு’ என்று பொருள்படும் ‘மெட்ஸ் யெகெர்ன்’ என்ற ஆர்மீனியச் சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். 2019-இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்ட பிறகே, 2021 ஏப்ரல் 24 அன்று பைடன் வெளிப்படையாகச் சொன்னார்.

“துருக்கி 1915-இல் கொன்றது” என்று எழுதாதீர்கள். அன்று இருந்தது உதுமானியப் பேரரசு. துருக்கிக் குடியரசு 1923-இல் பிறந்தது. இனப்படுகொலை அல்ல என்று இன்றுவரை மறுப்பது அந்தக் குடியரசு.

‘இனப்படுகொலை’க்கான ஆங்கிலச் சொல் 1944-இல்தான் வந்தது, அதனால் 1915-க்குப் பொருந்தாது என்று வாதிடுவோரும் உண்டு. அதை உருவாக்கிய ரஃபேல் லெம்கினே ஆர்மீனியரை உதாரணமாகச் சொன்னவர்.

அப்புறம் இந்தியா. 2021-இல் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் உள்ள இனப்படுகொலை நினைவிடத்தில் அஞ்சலி செலுத்தினார். படத்தைப் பார்த்ததும் “இந்தியாவும் அங்கீகரித்தது” என்று தலைப்பு வைத்துவிட வேண்டாம். அதற்கான தீர்மானமோ அறிவிப்போ டெல்லியிலிருந்து வரவில்லை.