மைலேஜா, ஓட்டும் சுகமா: கார் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஒரு காரின் மைலேஜ் எண்ணைப் பார்த்ததும் முதலில் அதை ஆண்டுக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் காரை விட்டு 15 தரும் காருக்கு மாறினால் 400 லிட்டர் மிச்சப்படுத்துகிறார். அவரே 20 தரும் காரை விட்டு 25 தரும் காருக்கு மாறினால் மிச்சமாவது 120 லிட்டர்தான். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இது மாதத்திற்கு ஆயிரம் ரூபாய். மனத்திற்குப் பிடித்த காருக்கு அந்த ஆயிரத்தைத் தர உங்களுக்குச் சம்மதமா என்பதுதான் உண்மையான கேள்வி. மைலேஜ் எண்ணை மட்டும் பார்த்து, பிடித்த காரை ஒதுக்கிவிடுவது பலருக்குத் தேவையற்ற இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

நிறுவனங்கள் அறிவிக்கும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டி, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் அளக்கப்படுவது. அதனால் இரண்டு கார்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு அதில் தெரியாமல் போகலாம். மாருதி சுசுகி ஃப்ரான்க்ஸை எடுத்துக்கொள்வோம். 2023இல் அது அறிமுகமானபோது, மேனுவல் கியர் கொண்ட 1.2 லிட்டர் இன்ஜினுக்கு 21.79 என்றும், 1.0 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு 21.5 என்றும் அறிவிக்கப்பட்டது. ஏட்டளவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் டர்போ இன்ஜின் கூடுதல் காற்றை உள்ளே தள்ளும்போது அதற்கேற்பக் கூடுதல் பெட்ரோலும் செலவாகும் என்பதால், அதன் பிக்கப்பை விரும்பி வாங்கி அடிக்கடி ஆக்சிலரேட்டரை அழுத்துபவருக்கு மைலேஜ் கணிசமாக இறங்கும். நிதானமாக ஓட்டுபவருக்கு அவ்வளவு இறங்காது. ஆகவே அதே இன்ஜின் கொண்ட காரை உங்கள் ஊரில் ஓட்டுபவர்களிடம், டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பிக் கணக்கிட்ட மைலேஜைக் கேட்டு அறிவது நல்லது.

மைலேஜுக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதற்கு ஸ்விஃப்ட் தெளிவான எடுத்துக்காட்டு. 2024இல் அதன் 90 பிஎஸ் (குதிரைத்திறனின் அளவு) தரும் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்குப் பதிலாக, ஏறத்தாழ 82 பிஎஸ் தரும் மூன்று சிலிண்டர் இன்ஜின் வந்தது. மேனுவல் காரின் மைலேஜ் 22.38இலிருந்து 24.8 ஆக உயர்ந்தது. மேற்சொன்ன 12,000 கிலோமீட்டருக்கு இது ஆண்டுக்குச் சுமார் 52 லிட்டர் மிச்சம். நான்கு சிலிண்டர் இன்ஜினை அது அதிவேகமாகச் சுழலும் உயர் சுற்றுகளுக்குக் கொண்டுசென்று, அதன் மென்மையை ரசித்து ஓட்டுபவருக்கு இது போதிய ஈடாகாது. நகர நெரிசலிலேயே ஓட்டுபவரோ அந்த உயர் சுற்றுகளைத் தொடுவதே அரிது என்பதால் இழப்பை அதிகம் உணரமாட்டார்.

மைலேஜும் ஓட்டும் சுகமும் எப்போதும் எதிரெதிரானவை அல்ல. எடை குறைந்த, தாழ்வான கார் எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும். வளைவுகளில் அதிகம் சாயாமல் திரும்பவும் செய்யும். அதே இன்ஜினை உயரமான எஸ்யூவி உடலில் வைத்தால் எடையும் காற்றின் தடையும் கூடி, மைலேஜ், ஓட்டும் சுகம் இரண்டுமே குறைகின்றன. வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதால் நெடுஞ்சாலையில் இது நன்றாகவே தெரியும். மோசமான சாலையோ, ஏறி இறங்கச் சிரமப்படும் பெரியவர்களோ காரணமாக இருந்தாலொழிய, எஸ்யூவியைத் தேர்ந்தெடுக்குமுன் அதே விலையில் உள்ள ஹேட்ச்பேக்கையும் செடானையும் ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா ஹைரைடரின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் 27.97 என்ற மைலேஜுடன் நெரிசலில் அமைதியாகச் செல்லும். ஆனால் கையால் கியர் மாற்றி ஓட்டுவதில் மகிழ்பவருக்கு அதில் அந்த வாய்ப்பு இல்லை.

டெஸ்ட் டிரைவின்போது ஷோரூமைச் சுற்றியுள்ள நேர்ச்சாலையோடு நிறுத்திவிடாமல், நீங்கள் அன்றாடம் செல்லும் வழியில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஏசியை ஓடவிட்டு, குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது இரண்டாம், மூன்றாம் கியர்களில் இன்ஜின் திணறுகிறதா என்று கவனியுங்கள். கிளட்சின் கனம், திருப்பியபின் ஸ்டீயரிங் தானாக நேராகும் விதம், பிரேக்கை மிதிக்கும்போது கிடைக்கும் உறுதி ஆகியவை குதிரைத்திறனைவிட நாள்தோறும் உணரப்படுபவை. அவற்றுக்குப் பெட்ரோல் செலவும் இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் போன்ற பாதையில் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே செல்பவர், அதற்காகவே பெரிய இன்ஜின் வாங்க வேண்டியதில்லை. மாதந்தோறும் மலையேறுபவருக்கு அது நியாயமான தேவை.

மாதம் 1,000 கிலோமீட்டருக்குள் ஓட்டுபவர், மாதத் தவணை கைக்கு அடங்கும் வரை, ஓட்டப் பிடித்த காரையே வாங்கலாம். மாதம் 2,000 கிலோமீட்டரைத் தாண்டுபவருக்கு 20க்கும் 25க்கும் உள்ள வேறுபாடே ஆண்டுக்கு 24,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். அவர் நல்ல மைலேஜ் தரும் கார்களை முதலில் பிரித்தெடுத்து, ஓட்டுவதற்கு இனிமையானதை அவற்றுள் தேடுவதே சரி. வீட்டில் வேறொருவரும் அந்தக் காரை ஓட்டுவார் என்றால் அவரையும் டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துச் சென்று, அவர் கையிலும் சிறிது நேரம் கொடுத்துப் பாருங்கள்.