பெயர் போட்ட நம்பர் பிளேட்: நகராட்சிக்கு வரவா, செலவா? கணக்குப் போடும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் பக்கம் குடும்பப் பெயரைப் பொறித்து, கடைசியில் குவாசுலு-நட்டால் மாகாணத்தைக் குறிக்கும் ‘ஸெட் என்’ (ZN) என்று முடியும் நம்பர் பிளேட்டுகளைப் பார்க்கலாம். அந்தக் கட்டணம் நகராட்சிக்குத்தான் போகிறது, அதில் நம் தெருக் குழியையாவது மூடலாமே என்று வரி கட்டுவோர் கூட்டங்களில் கேட்பது நியாயமான ஆசைதான். ஆனால் பணம் அங்கே போவதில்லை. கணக்கை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 4ஆம் அட்டவணையில் வாகன உரிமம் தேசிய, மாகாண அரசுகளின் பொறுப்பில் இருக்கிறது. நகராட்சிக்கு 229ஆம் பிரிவு தருவது சொத்து வரியும் சேவைக் கட்டணங்களின் மேல் வரியும். உரிமக் கவுன்டரை நகராட்சி நடத்தினாலும், அங்கே அது மாகாணத்தின் முகவர் மட்டுமே. வசூலித்ததை வாரம் ஒரு முறையாவது மாகாணத்துக்கு அனுப்பிவிட வேண்டும், தன் செலவுக்குத் தொடக்கூடாது என்று நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்கிறது. கையில் நிற்பது கமிஷன்தான்.

ஆகவே முதலில் கேட்டு வாங்க வேண்டியது, மாகாணத்துக்கும் நகராட்சிக்கும் இடையிலான சேவை ஒப்பந்தம். கமிஷன் எத்தனை விழுக்காடு என்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தெந்தக் கட்டணத்துக்கு அது உண்டு என்ற வரியைத் தேடுங்கள். ஆண்டு உரிமத்துக்கு மட்டும்தான் கமிஷன் என்று இருந்தால், பெயர் பொறித்த சிறப்பு எண்ணுக்குச் செய்யும் வேலை முழுவதும் நகராட்சிக்கு நஷ்டம்.

அடுத்தது நேரம். கவுன்டரில் ஒரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு விண்ணப்பமும் எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று குறியுங்கள். ஒரு பேச்சுக்கு, ஊழியர் செலவு நிமிடத்துக்கு 4 ராண்ட், கமிஷன் 8 விழுக்காடு என்று வைப்போம். 600 ராண்ட் புதுப்பித்தல் 6 நிமிடத்தில் முடிகிறது: வரவு 48, செலவு 24. சிறப்பு எண்ணுக்கு அடையாளச் சரிபார்ப்பு, எழுத்துச் சோதனை, ஒப்புதலுக்குப் பின் மறுபடி ஒரு வருகை, புதிய எண் அச்சிட்ட லைசென்ஸ் டிஸ்க் (வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் உரிம வில்லை) எல்லாம் சேர்ந்து 25 நிமிடம்: செலவு 100. கட்டணம் 2,000 ராண்டாக இருந்து கமிஷனும் உண்டு என்றால் 60 ராண்ட் மிச்சம். இல்லையென்றால் 100 ராண்டும் நகராட்சியின் தலையில்.

பலர் தவறவிடுவது நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை. கேட்ட பெயர் வேறொருவரிடம் இருக்கலாம், சொல் தகாததாக இருக்கலாம். நேரம் செலவாகிவிடும், வரவு இருக்காது. ஏற்கப்பட்டவற்றை மட்டும் எண்ணினால் செலவு குறைவாகத் தெரியும். வண்டியை விற்கும்போதும் இப்படித்தான்: உரிமையாளர் தன் எண்ணை வைத்துக்கொண்டால், விற்ற வண்டிக்குச் சாதாரண எண், புது வண்டிக்குப் பழைய பெயர் என்று ஒரு விற்பனை பல பரிவர்த்தனைகளாகிறது.

மாகாணம் எண் வடிவத்தையே மாற்றினால் நகராட்சி தன் வண்டிகளுக்கும் செலவழிக்க வேண்டும். காருக்கும் லாரிக்கும் இரண்டு பிளேட், டிரெய்லருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பின்னால் ஒன்று. 400 வண்டி, 60 டிரெய்லர் என்றால் 860 பிளேட். பிளேட் விலையோடு விட்டுவிடாதீர்கள். எரிபொருள் அட்டை, காப்பீடு, டிராக்கர் என்று எண் பதிவான எல்லா இடத்திலும் ஒரே வாரத்தில் திருத்த வேண்டும். தாமதித்தால் பெட்ரோல் பங்கில் அட்டை மறுக்கப்பட்டு, குப்பை லாரி அங்கேயே நின்றுவிடும். அபராதப் பிரிவில் பழைய எண்ணுக்குப் போன நோட்டீஸ்களைத் திரும்பப் பெறும் வேலையும் சேரும்.

தாமதக் கட்டணத்தை நகராட்சி வரவில் எழுதாதீர்கள். மாதத்துக்கு உரிமக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு என ஏறும் அதுவும் மாகாணத்துக்கே உரியது.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. மாகாணத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கும், நகராட்சியினுடையது ஜூலை 1இல். ஏப்ரலில் கட்டணம் உயர்ந்தால் முதல் மூன்று மாதக் கமிஷன் நகராட்சியின் பழைய ஆண்டில் விழும். மாத வாரியாகப் பிரித்துப் போட்டால்தான் உயர்வின் உண்மையான அளவு தெரியும்.

நகராட்சி வரைவு பட்ஜெட் மார்ச் 31க்குள் சபையில் வைக்கப்பட்டு, பொதுமக்கள் கருத்தும் கேட்கப்படும். வந்த விண்ணப்பங்கள் எத்தனை, கமிஷன் கிடைத்தவை எத்தனை என்ற இரண்டு எண்களை அப்போது எழுத்தில் கேளுங்கள்.